மாவீரன் (2023): காப்பாற்றப்பட்டவர்கள் பக்கமிருந்து ஒரு விமர்சனம்

மாவீரன், மடோன் அஸ்வின் இயக்கி 2023 ஜூலை 14 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம். சிவகார்த்திகேயன், அதிதி ஷங்கர், சரிதா, மிஷ்கின், யோகி பாபு, சுனில் ஆகியோர் நடித்தனர். பரத் சங்கர் இசையமைத்தார். தமிழில் சூப்பர் ஹீரோ கதை எடுபடாது என்ற பேச்சைப் பொய்யாக்கிய படம் என்று பலரும் இதைப் பாராட்டினர். குடிசை மாற்று வீடுகளின் அவலத்தைப் பெரிய நடிகர் ஒருவரின் படம் பேசியதே பெரிது என்பதும் பரவலான கருத்து. அந்தப் பாராட்டில் பாதிக்கு மேல் நியாயமானது. ஆனால் படம் யாருக்காகப் பேசுகிறதோ அந்த மக்களிடம் ஏற்கெனவே இருந்த அறிவையும் துணிவையும் அவர்களிடமிருந்து எடுத்து ஒரே நாயகனிடம் கொடுத்துவிடுகிறது. இந்தக் குறை போதுமான அளவு பேசப்படவில்லை.

கதை

சத்யா ஒரு நாளிதழில் 'மாவீரன்' என்ற படக்கதையை வரைபவன். பயந்த சுபாவம் கொண்டவன். அவன் குடும்பமும் அக்கம்பக்கத்துக் குடிசைவாசிகளும் 'மக்கள் மாளிகை' என்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்படுகிறார்கள். புது வீட்டில் பொருத்தியவை கழன்று வருகின்றன; சுவர் விரிகிறது. தாய் ஈஸ்வரி நியாயம் கேட்டுச் சண்டைக்குப் போகிறார். மகன் அனுசரித்துப் போகலாம் என்கிறான். சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பிய பின் சத்யாவுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கத் தொடங்குகிறது. அது அவனையே மாவீரனாக வைத்துக் கதை சொல்கிறது. அவன் விரும்பாமலே அமைச்சர் ஜெயக்கொடியோடு மோத நேர்கிறது. கடைசியில் கட்டிடம் சரிகிறது. மக்களை வெளியேற்றும் பொறுப்பு சத்யாவின் தோளில் வந்து விழுகிறது.

திருவொற்றியூர், 2021

வண்ணாரப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் வாழ்பவர்களுக்கு 'மக்கள் மாளிகை' அந்நியமான இடமல்ல. 1970-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியத்தின் குடியிருப்புகள் இப்பகுதியில் பல உண்டு. ஊர்ப் பேச்சில் அவை இன்றும் 'ஹவுசிங் போர்டு'தான். வாரியத்தின் பெயர் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

அதே 2021-இன் ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், புதிதாகக் கட்டிய சுவரின் பூச்சு கையால் தொட்டாலே உதிரும் காட்சிகள் வெளியாயின. அவற்றைப் படமெடுத்து வெளியே காட்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். பிறகுதான் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கொண்டு ஆய்வு நடந்தது.

அடுத்து நடந்தது இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள இன்னும் முக்கியமானது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், ஏறத்தாழ 28 ஆண்டுப் பழைய வாரியக் குடியிருப்பின் ஒரு கட்டிடம் முழுவதுமாகச் சரிந்து மண்மேடானது. அதில் 24 வீடுகள் இருந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசல் பெரிதாவதைக் கண்டவர்கள் மற்றவர்களை எச்சரித்தார்கள். வீட்டுச் சாமான்களை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். உள்ளூர் அரசியல் கட்சிக்காரர்களும் உடன் நின்றார்கள். அன்று யாருக்கும் அசரீரி கேட்கவில்லை. சுவரின் பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய காதுகள் அவர்களுடையவை.

ஒருவனுக்கு மட்டும் கேட்கும் குரல்

கட்டிடம் விழுவதும் மக்கள் பிழைப்பதும் படத்திலும் உண்டு. நடுவில் ஒரே மாற்றம்: எச்சரிக்கை ஒருவனுக்கு மட்டும் வருகிறது. மற்றவர்கள் அவனை நம்புவார்களா என்பதே கேள்வியாகிறது. உண்மையில் நிலைமை இதற்கு நேர் எதிர். குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். அதிகாரம் உள்ளவர்கள்தான் நம்ப மறுப்பார்கள். மனு கொடுத்து, மறுபடி மனு கொடுத்து, அலுவலக வாசலில் காத்துக் கிடப்பதுதான் இக்கதையின் நிஜமான போராட்டம். படத்தின் முற்பகுதியில் இது நன்றாகவே வருகிறது. அந்த அரை மணி நேரத்தில் மண்டேலா (2021) எடுத்த இயக்குநரின் கூர்மையான நையாண்டி தெரிகிறது. குரல் வந்ததும் மக்கள் பின்னணிக் கூட்டமாகிவிடுகிறார்கள்.

குரல் என்ற உத்தியில் நகைச்சுவை அருமையாக வந்திருக்கிறது. அண்ணாந்து பார்த்தபடியே அடிவாங்குகிற, அடிக்கிற நாயகனைத் தமிழ்த் திரை அதற்கு முன் அதிகம் கண்டதில்லை. குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி. 2019-இல் அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் தமிழ்ப் பதிப்பில் அயர்ன் மேனுக்கு அவர் குரல் கொடுத்தபோது ரசிகர்கள் பலர் கடுமையாகக் கேலி செய்தார்கள். மாவீரனில் அதே குரல் கைதட்டல் வாங்கியது. சாதாரண மனிதர் ஒருவரின் பேச்சுச் சாயல் இரும்புக் கவசத்துக்குப் பொருந்தவில்லை. கோழைக்குத் தைரியம் சொல்லப் பொருந்தியது.

மாயக் கதை என்பதாலேயே படத்தைக் குறைத்து மதிப்பிடுவது சரியல்ல. 2019-இல் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி மார்வெல் படங்களைக் கேளிக்கைப் பூங்காவோடு ஒப்பிட்டதும் உலகெங்கும் ரசிகர்கள் கொதித்தார்கள். மாவீரன் மீதான குறை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. மாயம் இருக்கலாம். அது யாருக்கு வேலை செய்கிறது என்பதே கேள்வி.

1957-இல் கே.வி. ரெட்டி இயக்கிய மாயா பஜாரை எடுத்துக்கொள்ளலாம். எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் வித்தை காட்டி ஒரு திருமணத்தையே கலைக்கிறான். ஆனால் அந்த வித்தையின் இரகசியம் கிருஷ்ணனுக்குத் தெரியும். கடோத்கஜனின் கூட்டாளிகளுக்குத் தெரியும். அரங்கில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரியாதவர்கள் கௌரவர் பக்கத்தார் மட்டுமே. ஊரே சேர்ந்து பணக்காரச் சம்பந்தியை ஏமாற்றும் விளையாட்டாக மாயம் அங்கே ஆகிறது. 66 ஆண்டு கழித்து வந்த படத்தில் மாயம் ஒருவனுடைய தனிச்சொத்து.

காப்பாற்றப்பட்டவர்கள் எங்கே?

இக்குறை மாவீரனில் தொடங்கியதல்ல. ஷங்கரின் எந்திரன் (2010) படத்தில் அடுக்குமாடி வீடு தீப்பற்றுகிறது. சிட்டி என்ற ரோபோ மக்களைத் தூக்கி வந்து காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் ஆடையில்லாமல் வெளியே கொண்டுவந்து கூட்டத்தின் முன்னும் கேமராக்கள் முன்னும் நிறுத்திவிடுகிறது. அவள் அவமானம் தாங்காமல் ஓடி, வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். காப்பாற்றப்படுபவரின் பக்கமிருந்து மீட்பைப் பார்க்கத் தமிழ்ப் படம் ஒன்றுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. படமோ ரோபோவுக்கு உணர்ச்சி ஊட்டுவது எப்படி என்ற கவலைக்கு உடனே நகர்ந்துவிடுகிறது. அந்தப் பெண்ணின் குடும்பத்தைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. எந்திரனைப் புகழ்ந்து எழுதப்பட்டவற்றிலும் இக்காட்சி பெரும்பாலும் நழுவிவிடுகிறது.

ஏழைகளின் காவலன் என்ற உருவத்துக்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. படகோட்டி (1964), ரிக்‌ஷாக்காரன் (1971) போன்ற படங்களில் எம்.ஜி.ஆர். அணிந்த அந்த உருவத்தை ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலில் விரிவாக ஆராய்ந்தார். தமிழில் அது 'பிம்பச் சிறை' என்று வந்தது. வட சென்னையில் இந்த நூலை உரக்கப் படித்தால் இன்றும் சண்டை வரும்! அந்தக் காவலனுக்கு முகமூடி தேவைப்படவில்லை. மிஷ்கின் இயக்கிய முகமூடி (2012) முகமூடியைச் சேர்த்தது, படம் தோற்றது. அதே மிஷ்கின்தான் மாவீரனில் வில்லன்.

வில்லனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிஷ்கின் நன்றாக நடித்திருக்கிறார். ஆனால் ஒரு மோசமான கட்டிடம் எழும்ப ஓர் அமைச்சர் போதாது. திட்ட மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, துணை ஒப்பந்தம், சிமென்ட் கலவையின் விகிதம், மேற்பார்வைப் பொறியாளரின் கையெழுத்து, தரச்சான்று என்று அது பல கைகள் மாறி வருகிறது. படம் இதைத் தொட்டுவிட்டு, எல்லாப் பாவத்தையும் ஒரே தலையில் இறக்கிவைக்கிறது. அந்தத் தலை வீழ்ந்தால் கணக்கு முடிந்தது. பா. ரஞ்சித்தின் மெட்ராஸ் (2014) இதில் மேலானது. அங்கேயும் வட சென்னைக் குடியிருப்பு, அங்கேயும் ஒரு சுவர். ஆனால் அந்தச் சுவர் யாருக்கு உரியது என்ற வழக்கில் மொத்தக் குடியிருப்பும் பங்கெடுக்கிறது.

படம் வெளிவந்த ஐந்தாவது மாதம், 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்டி விழித்தவர்கள் கதவு கதவாகத் தட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பிறகு சுற்றுவட்டார மீனவக் கிராமங்கள் வாரக்கணக்கில் போராட்டத்தில் அமர்ந்தன.

ஈஸ்வரி

படத்துக்குள்ளேயே இந்தக் குறைக்கு மாற்று இருந்தது. அது ஈஸ்வரி. நீண்ட இடைவெளிக்குப் பின் தமிழில் நடித்த சரிதா, யாருக்கும் அஞ்சாமல் குரல் உயர்த்தும் அம்மாவாக முதல் பாதியைத் தூக்கி நிறுத்துகிறார். அவருக்கு எந்த அசரீரியும் தேவைப்படவில்லை. அவருடைய துணிவை முதலில் மகனின் சங்கடமாகவும் பிறகு மகன் எட்ட வேண்டிய இலக்காகவும் படம் காட்டுகிறது. மகன் எட்டிவிட்டதும் அம்மாவுக்கு வேலை குறைந்துவிடுகிறது.

இதே சரிதா, கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைக் கொண்டு கே. பாலசந்தர் எடுத்த தண்ணீர் தண்ணீர் (1981) படத்தில் செவந்தியாக நடித்தவர். அத்திப்பட்டி மக்கள் மனு கொடுத்துச் சலித்து, தாங்களே மண்வெட்டி எடுத்துக் கால்வாய் வெட்டக் கிளம்புவார்கள், அரசு தடுக்கும். அந்த ஊருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஆனால் கால்வாய் வெட்டும் காட்சியில் திரை முழுக்க ஊர் இருந்தது.