கரப்பான் பூச்சியின் ஓடும், ரோபோவின் வயிறும்

பூச்சிகளின் உடலமைப்பைப் பின்பற்றிச் சிறு ரோபோக்களை வடிவமைக்கும் முறை, உடலைக் கடன் வாங்குவதில் தேர்ந்திருக்கிறதே தவிர, அந்த உடலுக்குத் தீனி போடும் வழியை இன்னும் கண்டறியவில்லை. 2016இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கௌசிக் ஜெயராமும் ராபர்ட் ஃபுல்லும், கரப்பான் பூச்சி தன் உடலைப் பாதியளவுக்கு நசுக்கிக்கொண்டு 3 மில்லிமீட்டர் இடுக்கில் நுழைவதையும், தன் எடையைப் போல் ஏறத்தாழ 900 மடங்கு பாரத்தைக் காயமின்றித் தாங்குவதையும் அளந்து காட்டி, மடங்கும் அந்த ஓட்டின் தத்துவத்தில் உள்ளங்கையளவு ரோபோ ஒன்றையும் அமைத்தனர். 2014 ஜூன் 28 அன்று சென்னைப் புறநகரான மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதை எண்ணிப் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிய தளங்களுக்கிடையே ஊர்ந்து செல்லும் இத்தகைய உடலின் பயன் விளக்கம் வேண்டாமலே புரியும்.

குறை ஆற்றலில் இருக்கிறது. மின்மோட்டாரைச் சிறிதாக்கச் சிறிதாக்க உராய்வின் பங்கு கூடித் திறன் சரிவதால், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரோபோபீ என்னும் பூச்சியளவு பறக்கும் ரோபோ மோட்டாரைக் கைவிட்டு, மின்னழுத்தம் செலுத்தினால் வளையும் அழுத்தமின் பீங்கான் தகடுகளால் சிறகடிக்கிறது. ஆனால் அத்தகடுகளுக்கு 200 வோல்ட் அளவில் மின்னழுத்தம் தேவைப்படுவதால், 2013இல் அது பறந்தபோது மின்சாரம் வெளியிலிருந்து மெல்லிய கம்பி வழியாகவே வந்தது. 2019இல் கம்பியை நீக்கிய வடிவமோ, சூரிய ஒளியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வலிய விளக்கின் கீழ் ஒரு நொடிக்கும் குறைவாகவே பறந்தது. 2025 மார்ச் மாத மியான்மர் நிலநடுக்கத்தின் இடிபாடுகளில் தேடச் சிங்கப்பூர் அனுப்பியவையோ ரோபோக்கள் அல்ல, உயிருள்ள கரப்பான் பூச்சிகள்; அவற்றின் முதுகில்தான் மின்சுற்று பொருத்தப்பட்டிருந்தது. பூச்சியின் வயிற்றுக்கு மாற்று கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் (துறையினர் அதை அப்படிச் சொல்வதில்லை என்றாலும்) தேவையில்லை.

இதற்கு மாறாக, தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில், 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) வளாகத்தின் தக்‌ஷா குழு உருவாக்கிய ஆளில்லா வானூர்திகள், எந்தப் பூச்சியையும் பின்பற்றாமல் சுழலும் விசிறிகளால் பறந்தே களத்தில் பயன்பட்டுள்ளன. ஆயினும் விசிறியால் இடிபாட்டுக்குள் புக முடியாது. அங்கே ஊர்ந்து செல்லும் உடலே வேண்டும். அந்த உடலுக்கு ஆற்றல் கம்பி வழியாகவே வரலாம். அப்படியிருக்க, கம்பியில்லாமல் இயங்குவதையே சாதனையின் அளவுகோலாக ஆய்வகங்கள் கொள்வது பொருத்தமாகத் தோன்றவில்லை. கம்பி இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும் என்பது மெய்யே என்றாலும், மின்சாரத்தைக் கொண்டுபோய்ப் படத்தைக் கொண்டுவரவும், நின்றுபோன கருவியை வெளியே இழுக்கவும் அது உதவும். தாம்பரம் தீயணைப்பு நிலைய வண்டியில் ஏற்றத்தக்க முதல் கரப்பான் ரோபோ, வாலாக ஒரு கம்பியோடு வருவதில் இழுக்கு ஏதுமில்லை.