அவுட்டர் வைல்ட்ஸ்: புதிர் அமைப்பு பற்றிய திறனாய்வு

அவுட்டர் வைல்ட்ஸ் என்பது 2019 மே மாதம் வெளிவந்த விண்வெளித் தேடல் நிகழ்பட ஆட்டம் ஆகும். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் தம் முதுகலை ஆய்வுப் பணியாக இதைத் தொடங்கினார். பின்னர் மோபியஸ் டிஜிட்டல் நிறுவனம் இதை முழு ஆட்டமாக உருவாக்கியது. 2020இல் சிறந்த ஆட்டத்திற்கான பாஃப்டா விருதைப் பெற்றது.

அறிவே திறவுகோல்

ஆட்டத்தில் 22 நிமிடங்களில் சூரியன் வெடிக்கிறது. காலம் மீண்டும் தொடக்கத்திற்குத் திரும்புகிறது. ஆட்டக்காரர் அறிந்துகொண்டதும், கப்பலின் குறிப்பேட்டில் பதிந்ததும் மட்டுமே அடுத்த சுற்றுக்கு எஞ்சும். வழி தெரிந்தவர் ஒரே சுற்றில் ஆட்டத்தை முடித்துவிடலாம். 2016இல் வெளிவந்த நோ மேன்ஸ் ஸ்கை எண்ணிலடங்காக் கோள்களைக் கணினி வாய்பாட்டால் படைத்தது. ஆனால் எண்ணிக்கை வியப்பைத் தருமே தவிர, புதிராகிவிடாது. அவுட்டர் வைல்ட்ஸில் கோள்கள் சிலவே. ஒவ்வொன்றுக்கும் கண்டறியத்தக்க விதி ஒன்று உண்டு.

இரட்டைக் கோள்கள்

இதற்குச் சிறந்த சான்று, ஒன்றையொன்று சுற்றும் இரட்டைக் கோள்கள். ஒன்றிலிருந்து மணல் மற்றொன்றுக்குப் பாய்கிறது. முதல் கோளில் புதைந்திருந்த கட்டடங்கள் வெளிப்படும்போதே, இரண்டாவதன் குகைகள் மூடிக்கொள்கின்றன. எங்கே செல்வது என்பதோடு எப்போது செல்வது என்பதும் புதிராகிறது.

தேனி மாவட்டத்தினர் இதை எளிதில் உணரலாம். முல்லைப் பெரியாற்று நீர் 1895 முதல் மலைச் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்குகிறது. 71 அடி கொள்ளளவுள்ள அந்த அணையில் உள்ளூரில் மழையின்றியே நீர்மட்டம் உயர்ந்தால், விடை மலைக்கு அப்பால் இருக்கும். அளவுகோலைக் கவனிப்பவருக்கு அதை யாரும் எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

குறைபாடு

ஆட்டத்தின் மற்றப் பல புதிர்கள் இப்படி இல்லை. அழிந்த நோமை இனத்தவரின் எழுத்துகளைப் படித்தால்தான் அவை விளங்கும். தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாததால், தமிழ்வழியில் பயின்ற மாணவர் அறிவுக் குறையால் அன்றி, ஆங்கிலத் தடையாலேயே தோற்க நேர்கிறது. அறிவையே திறவுகோலாக்கும் ஆட்டத்திற்கு இது சிறு குறையன்று. மேலும், விடை தெரிந்தபின் மறுமுறை ஆடுவதில் சுவை குறைகிறது.

மதிப்பீடு

மணலைப் போல இடமே துப்பாகும் புதிர்கள்தாம் இவ்வாட்டத்தின் உச்சம். அவை எம்மொழியினருக்கும் பொது. தமிழில் விண்வெளி ஆட்டம் படைக்க முனைவோர் இதன் உரைக் குறிப்புகளைவிட மணலைப் பின்பற்றுவதே நன்று.