பக்கத்து வகுப்பறையின் பாடம்

பி.எஸ்சி. இயற்பியலில் சேரும் மாணவருக்கு முதல் செமஸ்டரில் தமிழ், ஆங்கிலம், மேஜர், அலைடு கணிதம் என்று பாடங்கள் வரும். அடுத்த ஆண்டு கணிதத்தின் இடத்தில் பெரும்பாலும் அலைடு வேதியியல். நடுவில் என்.எம்.ஈ. என்று மாணவர்கள் சொல்லும் சிறு தாள்கள், அதாவது வேறொரு துறையிலிருந்து விரும்பி எடுக்க வேண்டிய பாடங்கள். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் மூன்றாண்டுப் பட்டம் ஐந்து பகுதிகளும் 140 கிரெடிட்டுகளும் கொண்டது. சிற்சில மாற்றங்களோடு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இதே சட்டகம்தான்.

இதில் மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்துக்குத் துணைப் பாடம் சேர்க்கும் அலைடு என்ற ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். குவாண்டம் இயக்கவியலைத் தொடும்போது வகைக்கெழுச் சமன்பாடு மாணவரின் கைக்குள் இருக்க வேண்டும். பியூரெட்டைத் திறந்து துளித்துளியாக விட்டுப் பழகிய விலங்கியல் மாணவருக்கு உயிர்வேதியியல் வெறும் பாடமாக நின்றுவிடாது. பி.ஏ. பொருளியலுக்குப் புள்ளியியலைச் சேர்த்தவர்களும் நன்றாக யோசித்தே சேர்த்திருக்கிறார்கள். பதினேழு வயதில் ஒரே துறைக்குள் அடைபட்டுப் போகும் பிள்ளைக்குப் பக்கத்து வகுப்பறையின் கதவைத் திறந்துவிடும் ஏற்பாடு இது.

ஆனால் அந்தக் கதவு அறிவியலிலிருந்து அறிவியலுக்கும், சமூக அறிவியலிலிருந்து அதன் உறவுப் பாடத்துக்கும் மட்டுமே திறக்கிறது. வேதியியல் மாணவர் சமூகவியலையும், வரலாற்று மாணவர் தாவரவியலையும் எட்டிப் பார்க்க மிஞ்சுவது என்.எம்.ஈ. ஒன்றுதான். அந்தத் தாளை நாம் எப்படி நடத்துகிறோம்? பல துறைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்கார வைத்து, எந்த ஆசிரியருக்கு வேலைப்பளு குறைவோ அவருக்கு ஒதுக்கி, மாதிரி வினாக்களை எழுதிப் போட்டு முடித்துவிடுகிறோம். தேர்ச்சி விழுக்காடு நன்றாகவே வரும், ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தத் தாளின் பெயர்கூட மாணவருக்கு நினைவிருக்காது. நான் பார்த்த கல்லூரிகளில் மாணவர் விருப்பத்தைக் கேட்பதுகூட இல்லை. எந்தத் துறையில் ஆசிரியர் இருக்கிறாரோ அதுவே மாணவரின் விருப்பப் பாடம்.

அலைடு தாள்களுக்கும் ஒரு நோய் இருக்கிறது. பி.ஏ. பொருளியலுக்கு வருபவர்களில் பலர் மேல்நிலையில் கணிதமே படிக்காதவர்கள். அவர்கள் திட்ட விலக்கத்தையும் ஒட்டுறவையும் சூத்திரமாக மனப்பாடம் செய்து, கேள்வித்தாளில் அச்சிட்ட பத்து எண்களைக் கூட்டிக் கழித்து விடை எழுதுகிறார்கள். அந்த எண்கள் எந்த ஊரின் விளைச்சல், யாருடைய கூலி என்று யாரும் சொல்வதில்லை. ஆய்வகத்திலும் இதே நிலைதான். நீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கரைசலால் அளக்கும் சோதனை பாடத்திட்டத்தில் இருக்கிறது. குடுவையில் இருப்பதோ ஆய்வக உதவியாளர் கலந்து வைத்த நீர், அதன் விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். அதனால் மாணவர் விடையை முதலில் விசாரித்துக்கொண்டு, அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னால் எழுதுகிறார். அறிவியலில் முதலாண்டிலேயே கற்கும் பொய் இது. இதற்கு மாணவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டு வரச் சொல்லியிருந்தால், யாரிடமும் விசாரிக்க முடியாத விடை ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கும்.

இப்படி மாணவரின் ஊரிலிருந்தே பாடத்தை எடுப்பது நடக்காத காரியம் என்பவர்களுக்கு நூறாண்டுக்கு முந்தைய சான்று ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், பாடப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, ஊர்களுக்குப் போய் நிலம், கூலி, கடன், சாதி, கிணறு எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வரச் சொன்னார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்களின் கணக்குகள் 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலாக வந்தன. பின்வந்த ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குப் பலமுறை திரும்பிப் போய், என்ன மாறியது என்று அளந்திருக்கிறார்கள். அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படையாக இருந்தது மாணவர்கள் திரட்டிய விவரம்.

அறிவியலும் சமூக அறிவியலும் கைகோக்க வேண்டிய இடங்கள் நம்மிடம் ஏராளம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஏற்றதல்ல என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே புளோரைடு பாதிப்பு ஒரு முக்கியக் காரணம். எந்தக் கிணற்றில் எவ்வளவு என்பதை வேதியியல் மாணவர் அளக்கலாம். குழாய் நீர் வந்த பிறகும் அந்தக் கிணற்றிலிருந்தே குடிப்பவர் யார், ஏன் என்பதைச் சமூகவியல் மாணவர் கேட்டு வரலாம். பாதி விடைதான் ஒவ்வொருவரிடமும் இருக்கும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மீதியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பட்டப்படிப்பை மேம்படுத்த ஆண்டுகளைக் கூட்டலாம் என்ற பேச்சும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகம் 2013இல் நான்காண்டுப் பட்டத்தைக் கொண்டுவந்து மறு ஆண்டே கைவிட்டது, 2022இல் மீண்டும் தொடங்கியது. ஆண்டுக் கணக்கைப் பற்றிய அந்த விவாதத்தில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. இருக்கிற மூன்று ஆண்டிலேயே வீணாகும் மணி நேரங்கள்தான் என்னை வருத்துகின்றன. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22இல் நாடு முழுவதும் 28.4 விழுக்காடாக இருந்தபோது தமிழ்நாட்டில் 47 விழுக்காடாக இருந்தது. கல்லூரி வாசலை இதுவரை கண்டிராத வீடுகளிலிருந்து இன்று பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ்நாடு அரசின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் மாதந்தோறும் தரும் ஆயிரம் ரூபாய் அவர்களைக் கல்லூரிக்குக் கொண்டுவர உதவுகிறது. உள்ளே வந்த பிறகு என்ன கொடுப்பது என்பது ஆசிரியர்களின் பொறுப்பு.

இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. என்.எம்.ஈ. தாள்களுக்கான நேரம் கால அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது. பாடத்திட்டக் குழுவில் அமரும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த திருத்தத்தில் அந்தத் தாள்களில் ஒன்றையாவது எழுத்துத் தேர்விலிருந்து விடுவியுங்கள். வேதியியல் மாணவரையும் வரலாற்று மாணவரையும் இணைத்து, அவர்களுடைய ஊருக்கே அனுப்புங்கள். அவர்கள் எழுதிக் கொண்டுவருவதற்கு மதிப்பெண் போடுங்கள்.