விளக்கு யாரை நோக்கி?

கடந்த ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியருகே நின்றோம். தந்தைக்குரிய பிதிர்க்கடன் முடித்து, கடலாடி, கேணியில் முழுகிய முதியவர் ஒருவர் ஈர வேட்டியுடன் படியேறினார். எதிரே ஓர் இளைஞர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். வாசிக்கிறாரா, படம் பிடிக்கிறாரா என்பது எவருக்கும் தெரியவில்லை. முதியவர் துவாயால் மார்பை மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அகன்றார்.

பின்னர் விசாரித்தோம். தம் வீட்டார் செய்த தர்ப்பணத்தை, வரமுடியாது வெளிநாட்டில் வாழும் தமையனுக்கு அவர் நேரே காட்டிக்கொண்டிருந்தாராம். இதில் தீய நோக்கம் எதுவுமில்லை. முதியவரை வருத்தியது கருவியின் மௌனமே.

முக்காலியில் நின்ற பழைய கமரா தன் தொழிலைத் தானே அறிவித்தது. கறுப்புத் துணிக்குள் தலை நுழைத்தவரைக் கண்டதும், நிற்பதா விலகுவதா என்று எதிரில் நின்றவர் முடிவுசெய்யலாம். இன்றைய கருவியோ எத்தொழிலுக்கும் ஒரே தோற்றம் காட்டுகிறது.

பரிகாரங்கள் சில உள. படமெடுக்கையில் கைத்தொலைபேசி ஒலியெழுப்ப வேண்டுமெனத் தென்கொரியா 2004 இல் நியமம் வகுத்தது. யப்பானில் சட்டமின்றியே நிறுவனங்கள் அதனைச் செய்தன. ஆனால், கீரிமலை அலையோசையில் அவ்வொலி யார் காதில் விழும்? 2020 இல் ஐபோனின் திரையில், கமரா இயங்கும்போது பச்சைப் புள்ளி தோன்றலாயிற்று. அதுவும் கருவியை வைத்திருப்பவரின் கண்ணுக்கே, படத்தில் அகப்படுபவருக்கன்று. 2023 இல் வந்த ரே-பான் மெட்டா மூக்குக்கண்ணாடியில் மட்டும் விளக்கு வெளிப்புறம் நோக்கி எரிகிறது. அதனை மறைத்தால் படம் பிடிக்க முடியாது. அவ்விளக்கையும் பணத்துக்குச் செயலிழக்கச் செய்பவர்கள் உளர் என 2025 இல் செய்தி வந்தது.

குறைபாடு இருப்பினும் திசை சரியானது. மூக்குக்கண்ணாடியில் இயன்றது கைத்தொலைபேசியில் ஏன் இயலாது? விலை கொடுப்பவரை மட்டுமே எண்ணிக் கருவி செய்யப்படுகிறது. அருகில் நிற்பவர் கணக்கில் இல்லை. பச்சைப் புள்ளி உள்நோக்கி எரிவதன் பொருள் இதுவே. வெளிநோக்கிய விளக்கைச் சட்டத்தால் கட்டாயமாக்கக் கோருவது ஆடம்பரக் கோரிக்கையன்று. பொதுவிடத்தில் எளிய மனிதனின் மானம் பற்றிய கோரிக்கையாகும்.

விளக்கும் ஓரளவே சொல்லும். யாருக்காகப் படம் என்பதைச் சொல்லாது. அதனைச் சொல்லவேண்டியவர் மனிதரே. “ஐயா, வெளிநாட்டிலை இருக்கிற அண்ணாவுக்குக் காட்டுறன்” என்று அவ்விளைஞர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முதியவர் முகம் திருப்பியிருக்கமாட்டார். அந்தத் தமையனை நோக்கிக் கையும் உயர்த்தியிருப்பார்.