வாளும் மனச்சாட்சியும்

சூரிச்சில் லிம்மாட் ஆற்றங்கரையில் சுவிங்கிளியின் சிலை நிற்கிறது. கையில் வேதப்புத்தகம், கூடவே வாள். 1531 இல் காப்பெல் போர்க்களத்தில் மாண்டவர் அவர். மறுகரையில் ஒரு நினைவுக்கல்: 1527 இல் இதே ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்ட பீலிக்ஸ் மான்ஸுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும். கிறிஸ்தவன் வாளெடுக்கலாகாது என்றவர்கள் அவர்கள். அந்தக் கல்லை வைக்க 2004 வரை செல்லவேண்டியிருந்தது.

படைச்சேவையை மறுத்தவர்களை இந்நாடு நெடுங்காலம் சிறைக்கனுப்பியது. 1996 இல் குடிமைச்சேவை வந்தது. ஆனாலும் மறுப்பவனின் மனச்சாட்சி விசாரிக்கப்பட்டது. 2009 இல் விசாரணை நீங்கி, ஒன்றரை மடங்கு காலம் உழைக்க ஒப்புவதே சான்றாயிற்று.

மனச்சாட்சிக்கு நாள்கணக்கா என்று, மகனுக்கு அழைப்பு வந்தபோது ஏளனம் செய்தேன். அவன் கேட்டான்: "உங்கட ஊரில மாட்டன் எண்டவனுக்கு என்ன நடந்தது, அப்பா?"

ஒகஸ்தீனின் நீதியான போர் பற்றி விரிவுரை செய்தவன் நான். நான் போன ஆலயத்தில் அரசின் குண்டுகளைக் கண்டித்தார்கள்; அது அவசியம். இயக்கத்துக்கு வரமாட்டேன் என்ற பிள்ளைக்காக ஒரு பிரசங்கமும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. வாளை ஆசீர்வதிப்பதா சபிப்பதா என்பது பிறகு. மறுத்தவன் உயிரோடிருக்க இடம் கேட்பதே திருச்சபையின் முதற்கடன். அதை நாம் கேட்கவேயில்லை.