பளபளப்புக்கு அடியில் கசடு: பழைய பிரிட்டிஷ் பைக்குகளைப் ‘புதுப்பிப்பது’ பற்றி

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து காவென்ட்ரி போகும் ஏ45 சாலையை ஒட்டி, ஒரே நாளில் பார்த்து முடிக்கக்கூடிய இரண்டு மியூசியங்கள் இருக்கின்றன. ஒன்றில் நூற்றுக்கணக்கான பழைய பைக்குகளைப் புத்தம் புதிதாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொன்றில், உலகம் சுற்றி வந்த ஒரு பைக்கைக் கழுவாமல் அழுக்கோடு வைத்திருக்கிறார்கள். பழைய டிரையம்ஃப், நார்ட்டன், பி.எஸ்.ஏ. வாங்கி ரெஸ்டோர் செய்ய ஆசைப்படுகிற எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ இந்த இரண்டில் ஒரு பக்கம் சாய்கிறார்கள். பெரும்பாலும் முதல் பக்கம். அது ஏன் எனக்கு உறுத்துகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலாவது, பிக்கன்ஹில்லில் இருக்கும் நேஷனல் மோட்டார்சைக்கிள் மியூசியம். 1984-ல் திறந்தது. சும்மா சொல்லக் கூடாது, உள்ளே போனால் கண் கூசும். குரோம், எனாமல், டேங்க்கில் ஓடும் தங்கக் கோடு, எல்லாமே அப்பழுக்கில்லாமல் இருக்கும். 2003 செப்டம்பரில் இங்கே பெரிய தீ விபத்து நடந்தது. ஐந்து அரங்குகளில் மூன்று போயின. சுமார் 380 பைக்குகள் எரிந்தும் சிதைந்தும் போயின. 2004 டிசம்பரில் மீண்டும் திறந்துவிட்டார்கள், எரிந்தவற்றில் பலவற்றை மறுபடி கட்டி எழுப்பினார்கள். ஒரு கைத்தொழில் சாதனையாக இதற்கு நான் சல்யூட் அடிப்பேன்.

ஆனால் ஒரு கேள்வி. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். உருகிப்போன கிராங்க்கேஸ் திரும்பி வராது, வேறொன்றைத்தான் பொருத்த வேண்டும். அப்படியானால் நம் முன்னால் நிற்கும் வண்டியில் எவ்வளவு 1930-களைச் சேர்ந்தது, எவ்வளவு 2004-ஐச் சேர்ந்தது? பளபளப்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. பளபளப்பின் வேலையே அந்தத் தையலை மறைப்பதுதானே.

அங்கிருந்து காவென்ட்ரி நோக்கிப் போனால் வழியில் மெரிடன் வரும். 1940-ல் ஜெர்மன் குண்டுவீச்சில் காவென்ட்ரி தொழிற்சாலை அழிந்த பிறகு டிரையம்ஃப் இங்கேதான் குடியேறியது. 1983 வரை இங்கேதான் பைக் செய்தார்கள். இப்போது அங்கே வீடுகள். ஒரு தெருவுக்குப் பெயர் பானவில் குளோஸ். கட்டடத்தையும் வேலையையும் காப்பாற்ற முடியவில்லை, பெயர் மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது, காவென்ட்ரி டிரான்ஸ்போர்ட் மியூசியம். டெட் சைமன் என்ற பத்திரிகையாளர் 1973 அக்டோபரில் ஒரு 500 சிசி டிரையம்ஃப் டைகர் 100-ல் கிளம்பினார். நான்கு வருடம், 45 நாடுகள், சுமார் 64,000 மைல். நம் இந்தியா வழியாகவும் போனார். ‘ஜுபிடர்ஸ் டிராவல்ஸ்’ என்ற அவருடைய புத்தகம் 1979-ல் வந்தது. அவர் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் மெரிடனில் ஆலையை மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்து, தொழிலாளர்கள் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். அந்த வண்டிதான் பயண அழுக்கோடு இந்த மியூசியத்தில் இருக்கிறது. அதை நாளைக்கே ரெஸ்டோர் செய்தால் என்ன ஆகும்? அழகான ஒரு 1973 டைகர் 100 கிடைக்கும். 64,000 மைலும் போய்விடும்.

என் வாதம் இதுதான். ரெஸ்டோரேஷன் என்பது பழுது பார்ப்பது மட்டுமல்ல, அது ஒரு வாசிப்பு. ‘இந்த வண்டியின் வாழ்க்கையில் இந்த ஒரு நாள்தான் முக்கியம், மற்ற நாட்கள் வேண்டாம்’ என்று தீர்ப்புச் சொல்வது. வழக்கமாக அந்த நாள், வண்டி ஆலையை விட்டு வெளியே வந்த நாள். அதுவும் உண்மையான நாள் அல்ல, கற்பனை நாள். மெரிடனிலிருந்து வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் வண்டிகள் போயின. ஒவ்வொரு வார்ப்பையும் உட்கார்ந்து கண்ணாடி மாதிரித் தேய்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆக, இன்று பரிசு வாங்கும் வண்டிகளில் பல, எப்போதும் இல்லாத ஒரு வண்டியின் நகல்கள்.

டிரையம்ஃப் பானவில் டி120-ஐ எடுத்துக்கொள்வோம். 1959 மாடலாக முதலில் வந்தபோது நிறம் ஆரஞ்சும் முத்துச் சாம்பலும். பெரிய மட்கார்டு, ஹெட்லைட்டை மூடிய நாசெல் என்று டூரிங் வண்டி மாதிரி இருந்தது. யாருக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை. நிறத்தை மாற்றினார்கள், அடுத்த வருடம் நாசெல்லையும் தூக்கினார்கள். அன்று ஷோரூமில் விலைபோகாத அதே ஆரஞ்சுதான் இன்று சேகரிப்பவர்கள் தேடி அலையும் நிறம். அந்தக் கால உரிமையாளர் ஒருவர் பிடிக்காமல் வேறு பெயின்ட் அடித்திருந்தால், அதுவும் அந்த வண்டியின் வரலாறுதானே? அதைச் சுரண்டிவிட்டு ஆரஞ்சு அடிப்பவர் வரலாற்றை மீட்கிறாரா, சந்தைக்கு வேண்டியதைத் தருகிறாரா?

இதெல்லாம் ரசனை விவகாரம் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. இதில் எஞ்சினின் உயிரும், ஓட்டுகிறவரின் உயிரும் இருக்கிறது.

அந்தக் கால டிரையம்ஃப் ட்வின்களில் இன்றைய கார்களைப் போலப் பேப்பர் ஆயில் ஃபில்டர் கிடையாது, கம்பி வலைதான். மிச்சக் கசடைப் பிடிக்க கிராங்க் ஷாஃப்டுக்குள் ஒரு குழாய் வைத்தார்கள். அதன் பெயர் ஸ்லட்ஜ் டிராப். கிராங்க் சுற்றும் வேகத்தில் கனமான துகள்கள் ஓரமாக ஒதுங்கி அங்கே படியும். நல்ல ஐடியாதான். ஆனால் அதைச் சுத்தம் செய்ய எஞ்சினை இறக்கி, கிராங்க்கேஸைப் பிளந்து, பஞ்ச் அடித்து இறுக்கிய பிளக்கைக் கழற்ற வேண்டும். அது நிரம்பிவிட்டால் பிக் எண்ட் பேரிங்குக்கு ஆயில் போகாது. முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் இறுகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் விலை விசாரித்த ஒரு அறுபதுகளின் பானவிலுக்கு ‘முழுமையாக ரெஸ்டோர் செய்தது’ என்று விளம்பரம். பெயின்ட் புதுசு, குரோம் புதுசு, சீட் புதுசு. ஸ்லட்ஜ் டிராப் எப்போது திறந்தீர்கள் என்று கேட்டேன். ‘எஞ்சின் அருமையா ஓடுது சார், அதை ஏன் பிரிக்கணும்?’ என்று பதில் வந்தது. கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் காசைக் கொட்டி, தெரியாத இடத்தை அப்படியே விடுவது புதுப்பிப்பது அல்ல, ஒப்பனை.

எண்கள் விஷயமும் இப்படித்தான். அறுபதுகளின் டிரையம்ஃபில் எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால் விலை ஏறும். விலை ஏறுவதால்தான் பழைய எண்ணைத் தேய்த்துப் புதிதாக அடிக்கும் வேலையும் நடக்கிறது. ‘பொருந்தாத’ எண் கொண்ட வண்டி பல நேரம் நேர்மையானது: ஒரு எஞ்சின் செத்தது, இன்னொன்று வந்தது, அவ்ளோதான்.

நம் ஊர் புல்லட் இதற்கு நல்ல ஒப்பீடு. ரெட்டிச்சில் பிறந்த ராயல் என்ஃபீல்டு 1955-ல் மெட்ராஸுக்கு வந்தது. இங்கிலாந்துக் கம்பெனி படுத்த பிறகும் திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. அதனால் இங்கே புல்லட் ரொம்ப நாளைக்கு ‘கிளாசிக்’ ஆகவே இல்லை, அது வேலைக்குப் போகிற வண்டி. தேய்ந்ததை மாற்று, ஓட்டு. இந்த மெக்கானிக் மரபில் ஒரு ஆரோக்கியம் இருக்கிறது: முதலில் எஞ்சின், பிறகுதான் அழகு. ஆனால் என்ன மாற்றினோம் என்று ஒருவரும் எழுதி வைப்பதில்லை.

மறுதரப்புக்கும் நியாயம் உண்டு. துருப்பிடித்த ஃபிரேமை வரலாறு என்று அப்படியே ஓட்ட முடியாது. பிரேக், டயர், வயரிங் எல்லாம் மாற்றித்தான் ஆக வேண்டும். தீயில் எரிந்ததைச் சாம்பலாகவே வைத்திருந்தால் அடுத்த தலைமுறைக்கு அந்த வண்டி எப்படி இருந்தது என்றே தெரியாது. நான் மாற்றாதே என்று சொல்லவில்லை, மாற்றியதை மறைக்காதே என்கிறேன்.

சாஃப்ட்வேரில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் என்பதால் எனக்கு இது சுலபமாகப் புரிகிறது. பழைய கோடை மாற்றலாம். ஆனால் எதை, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதாமல் மாற்றினால், அடுத்து வருகிறவனுக்கு அது துரோகம். பைக்குக்கும் அதேதான். கழற்றுவதற்கு முன் போட்டோ, கழற்றிய பழைய பாகங்களுக்கு ஒரு பெட்டி, ஒரு நாற்பது பக்க நோட்டு. இதற்கு ஆகும் செலவு ஒரு ஸ்பேனரின் விலைகூட வராது.

வாங்கப் போகிறவர்கள் டேங்க்கின் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். கிராங்க்கேஸை எப்போது பிரித்தீர்கள்? கழற்றிய பாகங்கள் எங்கே? நோட்டு இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் இருந்தால், பெயின்ட் உரிந்திருந்தாலும் அது நல்ல வண்டி.