இடைநிலை மாணாக்கரின் ஆங்கிலத் திறனை அளத்தல்

நெல்லைக் கொத்தாலும் புசலாலும் அளப்பர். பொன்னைத் துலாக்கோலில் நிறுப்பர். காணியைப் பரப்பு என்றும் குழி என்றும் கணக்கிடுவர். அளக்கப்படும் பொருளின் இயல்புக்கு ஏற்பவே அளக்குங் கருவியும் அமைதல் வேண்டும் என்பது இவ்வழக்கங்களால் இனிது விளங்கும். மொழித்திறனை அளக்க மனிதன் கண்ட கருவி பரீட்சை. அக்கருவி தான் அளக்க வந்த பொருளை உண்மையாகவே அளக்கின்றதா என்னும் வினா, அயன்மொழியொன்றைக் கற்று நடுவழியில் நிற்கும் மாணாக்கர் திறத்தில் பெரிதும் எழுகின்றது. அரிச்சுவடி கற்பவனையும் மொழியில் துறைபோயவனையும் இனங்காண்டல் எளிது. இடையில் நிற்பவனை மதிப்பிடுவதே அரிது.

இவ்வருமையைப் பழந்தமிழாசிரியர் அறிந்திருந்தனர். நன்னூலார் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, இடைமாணாக்கருக்கு மண்ணையும் கிளியையும் உவமை கூறினார். மண், உழுவோன் முயற்சியின் அளவுக்குத் தக விளைவு தருவது. கிளி, கற்பித்த சொல்லையன்றிப் பிறிதொன்றுஞ் சொல்லமாட்டாதது. இரண்டும் ஒரே வகுப்பில் வைத்து எண்ணப்பட்டனவேனும், ஒன்றற்கு வளர்ச்சியுண்டு, மற்றையதற்கு அஃதில்லை. இடைநிலைப் பரீட்சை ஒன்றின் சிறப்பும் குறைபாடும், அது மண்ணையும் கிளியையும் வேறுபடுத்திக் காட்டுகின்றதா என்பதைக் கொண்டே துணியப்படும்.

இடைநிலை என்பது யாது? ஐரோப்பிய மன்று 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம் ஏ1 முதல் சி2 ஈறாக ஆறு படிகளை வகுத்தது. அவற்றுள் பி1, பி2 என்னும் நடுவிரு படிகளே இடைநிலையாகக் கொள்ளப்படுகின்றன. பழகிய பொருள்களைப் பற்றிய பேச்சை விளங்கிக்கொண்டு, தன் அனுபவத்தையும் விருப்பத்தையும் தொடர்பாக எடுத்துரைப்பவன் பி1 படியினன். ஒரு பொருளின் நன்மை தீமைகளை ஆராய்ந்து தன் கருத்தைக் காரணங்காட்டி நிறுவுபவன் பி2 படியினன். இவ்விலக்கணம் மாணாக்கன் செய்யவல்லது யாது என்று வினவுகின்றது. அவன் எத்தனை பிழை விட்டான் என்று எண்ணுவதோடு நின்றுவிடவில்லை. இது சிந்திக்கத்தக்கது.

ஏனெனில், பிழைகளை மாத்திரம் எண்ணுவோர் இடைநிலை மாணாக்கனைப் பெரும்பாலும் பிறழவே உணர்வர். 'கோ' என்னும் ஆங்கில வினையின் இறந்தகாலம் 'வென்ற்' என்பது. தொடக்கநிலைச் சிறுவன் அதனைக் கேட்டவாறே சொல்லிச் சரியென்று பெயர் பெறுகிறான். சிறிது காலங் கழித்து, இறந்தகால விகுதி பற்றிய விதியைத் தானே உய்த்துணர்ந்தபின், 'கோட்' என்று பிழைபடக் கூறுகிறான். பின்னர் விதியையும் விலக்கையும் ஒருங்கறிந்து மீண்டும் 'வென்ற்' என்கிறான். நடுவில் நேர்ந்த பிழை வளர்ச்சியின் அடையாளம். முதலிற் பெற்ற சரியான விடையோ கிளிப்பேச்சு. பிழையை மட்டும் எண்ணும் பரீட்சகர் முன்னவனுக்குப் புள்ளி கொடுத்து, நடுவிலிருப்பவனுக்குக் குறைத்துவிடுவார்.

இன்னுமொன்று. துணிந்து நீண்ட வாக்கியம் எழுதுபவன் பல பிழை விடுவான். தெரிந்த நான்கு சிறு வாக்கியங்களுக்குள் அடங்கியிருப்பவன் பிழையின்றித் தப்புவான். தமிழிலக்கணம் வழாநிலை, வழு, வழுவமைதி என வகுத்து, வழுவெல்லாம் ஒருதன்மையனவல்ல என்பதை நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்த்திற்று. 'பற்றிக் கலந்துரையாடினோம்' என்னுந் தமிழ்வழக்கைத் தழுவி, 'டிஸ்கஸ்' என்னும் வினையோடு 'எபவுற்' என்பதைச் சேர்த்தெழுதுபவனின் கருத்து எவருக்கும் விளங்காமற் போவதில்லை. நிகழ்ந்ததோ நிகழவிருப்பதோ என்று அறியமுடியாதபடி காலத்தை மயக்கி எழுதுபவனின் வழு அத்தகையதன்று. இவ்விரண்டிற்கும் ஒரே அளவாகப் புள்ளி குறைப்பது நீதியாகாது.

இக்கருத்துக்களை மனத்திற்கொண்டு, இத்துறையில் நெடிய வரலாறுடைய கேம்பிறிட்ஜ் பரீட்சைகளை ஆராய்தல் பொருத்தமாகும். பிறமொழியாளருக்கென அப்பல்கலைக்கழகம் 1913-ஆம் ஆண்டில் உயர்தரப் பரீட்சையொன்றைத் தொடங்கிற்று. ஏறக்குறையப் பன்னிரண்டு மணித்தியாலம் நீடித்த அப்பரீட்சையில் மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல் என்பனவும் வாய்மொழிப் பகுதியும் இடம்பெற்றன. முதலாண்டில் தோற்றியோர் மூவர், சித்தியெய்தியவர் ஒருவருமிலர். கரைகண்டோரை மட்டுமே தேடும் அளவுகோல் நடுவழியிலுள்ளோர்க்குப் பயன்படாது என்பதற்கு இது சான்று. இடைநிலையினர்க்கென வேறொரு பரீட்சை 1939-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. கீழ்த்தரப் பத்திரம் என்னும் பொருளுடைய பெயர் அதற்கு வழங்கிற்று. 1975-இல் அது திருத்தியமைக்கப்பட்டு முதற் பத்திரம் எனப் பெயர்மாறி, இன்று 'பி2 ஃபேர்ஸ்ற்' என வழங்குகின்றது. கீழ் என்ற சொல் நீங்கி முதல் என்ற சொல் வந்தமை பெயரளவான மாற்றமெனத் தோன்றினும், இடைநிலையைக் குறைபாடாகக் கருதிய நோக்கு மாறி, அதனைத் தனக்கெனத் தகைமையுடைய ஒரு படியாகக் கருதும் நோக்கு வளர்ந்ததை அது குறிப்பதாகக் கொள்ளலாம்.

இப்பரீட்சைகளின் போக்கை மாற்றிய சிந்தனைகள் இரண்டு. முதலாவது நம்பகம் பற்றியது. ஹாட்டொக், றோட்ஸ் என்னும் இருவர் 1935-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரே தரத்தனவென முன்னர்ப் புள்ளி பெற்ற 15 வரலாற்று விடைத்தாள்கள் பரீட்சகர் பலரிடம் கொடுக்கப்பட்டன. ஓராண்டுக்கு மேலான இடைவெளியின்பின் அவர்களுள் 14 பேர் அத்தாள்களையே மீண்டுந் திருத்தினர். மொத்தமான 210 தீர்ப்புக்களில் 92 முன்னைய தீர்ப்பினின்றும் மாறுபட்டன. ஒரே கை, ஒரே தாள், வேறு தீர்ப்பு. மாணாக்கனின் தொழிலும் மேற்படிப்பும் பரீட்சகரின் மனநிலையிலே தங்குமாயின் அதனினுங் கொடியது பிறிதில்லை.

இக்குறையைக் களைய எழுந்ததே, மொழியைச் சிறு கூறுகளாகப் பகுத்துச் சரிவிடையைத் தெரிவு செய்விக்கும் முறை. றொபேட் லாடோ 1961-இல் வெளியிட்ட மொழிப்பரீட்சை நூல் இம்முறைக்கு வலிமையான அடிப்படை அமைத்தது. ஒலி, சொல், இலக்கணம் ஒவ்வொன்றும் தனித்தனியே வினாவப்பட்டது. யார் திருத்தினும் ஒரே புள்ளி என்னும் பெருநன்மை இதனாற் கிடைத்தது. செல்வாக்கில்லாத வறிய மாணவனுக்கு இஃது ஒரு காப்பு என்பதை மறுத்தலாகாது. ஆயினும் இதன் குறைபாடும் வெளிப்படை. சரிவிடையை இனங்காண்பவன் அதனைத் தானே ஆக்கவல்லவன் என்று கொள்வதற்கில்லை. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரியும் வினாவில், ஒன்றுமறியாதவனும் நான்கிலொரு பங்கு வாய்ப்புடையவன். பழைய வினாத்தாள்களை மனனஞ் செய்தவனுக்கோ இது திறந்த வாயில். நம்பகத்தைத் தேடிய முயற்சி, கிளிக்குச் சாதகமாய் முடிந்தது.

இரண்டாவது சிந்தனை, மொழியறிவு என்பது யாது என்பது பற்றியது. இலக்கண வழாமையோடு, யாரிடத்து எப்பொழுது எவ்வாறு பேசுவது என்னும் அறிவும் மொழியறிவின் பகுதியென டெல் ஹைம்ஸ் 1972-இல் வெளியான கட்டுரையில் வற்புறுத்தினார். கனேல், சுவெயின் ஆகிய இருவரும் 1980-இல் இலக்கணத் திறன், சமூகவழக்குத் திறன், உபாயத் திறன் என அதனை வகுத்தனர். உபாயத் திறனாவது, வேண்டிய சொல் வாயில் வராதபோது வேறு வழியாற் பொருளை உணர்த்தும் ஆற்றல். கத்தரிக்கோலுக்குரிய ஆங்கிலச் சொல்லை மறந்தவன், துணி வெட்டுங் கருவி என்று கூறிக் காரியத்தை முடித்துக்கொள்கிறான். இடைநிலை மாணாக்கனுக்கு இதனினும் இன்றியமையாத ஆற்றல் வேறில்லை. சரிவிடையைத் தெரிவு செய்யுந் தாளோ இதனை ஒருபோதும் காணாது.

இவ்விரு சிந்தனைகளையும் இணைக்க முயன்றமையே இன்றைய கேம்பிறிட்ஜ் இடைநிலைப் பரீட்சையின் சிறப்பு. வாசிப்பும் மொழிப்பயன்பாடும் ஒரு தாள், எழுத்து ஒன்று, செவிமடுத்தல் ஒன்று, பேச்சு ஒன்று. எழுத்தைத் திருத்துவோர் பொருள் நிறைவு, கருத்துணர்த்தும் பாங்கு, ஒழுங்கமைப்பு, மொழி என நான்கு நோக்கில் தனித்தனி மதிப்பிடுகின்றனர். இலக்கணம் நான்கிலொன்றாகிய மொழி என்பதனுள் அடங்குகின்றது. ஆகவே வழுக் காரணமாக ஒருவன் முற்றாக வீழ்த்தப்படுவதில்லை. வழுவில்லாமை காரணமாக வெறுமையான எழுத்து உயர்த்தப்படுவதுமில்லை. 1996-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர்ப் பேச்சுப்பரீட்சைக்கு மாணாக்கர் இருவர் இருவராக வருகின்றனர், பரீட்சகரும் இருவர். ஒருவர் உரையாடலை நடத்த, மற்றவர் கேட்டுப் புள்ளியிடுகிறார். வினாவுக்கு விடை கூறுவதோடமையாது, மற்றவன் கூற்றை ஏற்றும் மறுத்தும் உரையாடலை வளர்ப்பதும் இங்கு அளக்கப்படுகின்றது. மண்ணின் விளைவை நேரிற் காணும் முயற்சி இது.

எனினும் குறைகள் இரண்டு உள. முதலாவது புள்ளிகளைக் கூட்டும் முறையிற் காணப்படுவது. வாசிப்பு, மொழிப்பயன்பாடு, எழுத்து, செவிமடுத்தல், பேச்சு ஆகிய ஐந்துக்கும் ஒப்பப் பங்களித்து, அவற்றின் சராசரியே இறுதிப் பெறுபேறாகக் கொள்ளப்படும். 160 பெற்றவன் பி2 படியில் சித்தியெய்துவான். 140 முதல் 159 வரை பெற்றவன் பி1 படியினன். ஒருவன் வாசிப்பிலும் மொழிப்பயன்பாட்டிலும் 175 வீதமும், எழுத்தில் 165-உம், செவிமடுத்தலில் 150-உம், பேச்சில் 140-உம் பெறுவானாயின், கூட்டுத்தொகை 805, சராசரி 161. அவன் சித்தியெய்துகிறான். ஆனால் கேட்பதிலும் பேசுவதிலும் அவன் கீழ்ப்படியிலேயே நிற்கிறான். பெறுபேற்றுத் தாளில் ஒவ்வொரு திறனுக்கும் உரிய புள்ளி காட்டப்படுவது உண்மையே. வேலை கொடுப்போரும் கல்வி நிலையங்களும் பெரும்பாலும் நோக்குவது சித்தி என்னும் ஒரு சொல்லையே. திறன்கள் சமச்சீராக வளராமையே இடைநிலையின் இயல்பாதலின், ஓரெண்ணாக்கிய பெறுபேறு அந்நிலையின் உண்மை வடிவத்தை மறைத்துவிடுகின்றது.

இரண்டாவது குறை, யாருடைய ஆங்கிலம் அளவுகோல் என்பதைப் பற்றியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துப் பின்னர் உலகறிந்த மொழியியலறிஞராக விளங்கும் சுரேஷ் கனகராஜா, 2006-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இவ்வினாவை ஆராய்ந்தார். ஆங்கிலம் பல நாட்டாருக்குப் பொதுவான பின்னர், ஒரு நாட்டின் வழக்கை மட்டும் அளவாகக் கொள்வது பொருந்தாது. பல வழக்குகளுக்கிடையே சென்றுவந்து பொருளை இசைவிக்கும் ஆற்றலே அளக்கப்படல் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். ஐரோப்பியச் சட்டகத்தின் 2020-ஆம் ஆண்டுத் துணைநூலும், தாய்மொழியாளரை ஒப்புநோக்காகக் காட்டிய தொடர்களை விவரணங்களினின்றும் நீக்கிற்று. கொள்கையில் நேர்ந்த இம்மாற்றம் பரீட்சகரின் செவியிலும் நேர வேண்டும். கொழும்பிலும் சென்னையிலும் உள்ளோர்க்கு இடரின்றி விளங்கும் உச்சரிப்பு, இலண்டன் மாநகர உச்சரிப்பைப் போன்றதன்று என்பதனாற் புள்ளி இழத்தலாகாது.

இவற்றால் இலங்கைக் கல்வியுலகு பெறும் படிப்பினை யாது? அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்பது முதுமொழி. பரீட்சை எவ்வழி, வகுப்பறை அவ்வழி என்பது ஆசிரியர் அறிந்த உண்மை. இந்நாட்டின் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரணதரப் பரீட்சையில் ஆங்கிலம் நெடுங்காலமாக எழுத்துத்தாள்களாலேயே அளக்கப்பட்டு வந்தது. அதன் பயனாகப் பத்தாண்டு ஆங்கிலங் கற்றுத் திறமைச் சித்தி பெற்ற மாணவனும், நேர்முகப் பரீட்சையில் இரண்டு வாக்கியம் தொடர்ந்து பேசத் தயங்கி நிற்கும் நிலை ஏற்பட்டது. அவனைச் சோம்பேறி என்பது எளிது. எவரும் அளவாததை எவரும் கற்பிக்கவில்லை என்பதே உண்மை.

பொதுப்பரீட்சை முற்றாக மாறும்வரை ஆசிரியர் காத்திருக்க வேண்டியதில்லை. தவணைப் பரீட்சையில் நான்கு திறன்களுக்கும் தனித்தனிப் புள்ளி இட்டு, தேர்ச்சியறிக்கையில் அவ்வாறே காட்டலாம். மாணவர் இருவரை ஒரு படத்தையோ ஊர்ச் செய்தியையோ பற்றிப் பத்து நிமிடம் உரையாடவிட்டுக் கேட்கலாம். கட்டுரையைத் திருத்தும்போது பொருளை மயக்கும் வழுக்களையும் மயக்காதவற்றையும் வேறுவேறு குறியாற் காட்டலாம். முக்கியமான கட்டுரைகளை ஆசிரியர் இருவர் ஒருவர் புள்ளியை மற்றவர் அறியாது திருத்தினால் நம்பகமும் ஓரளவு கைகூடும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. காலமும் பொறுமையும் வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் அக்காலம் எளிதிற் கிடையாது என்பது நியாயமான தடையே. ஒரு தவணையில் ஒவ்வொரு மாணவனும் ஒருமுறையேனும் பேசக் கேட்கப்பட்டான் என்னும் நிலையேனும் ஏற்படின், அது முன்னையதினும் மேலானது.

தொகுத்துக் கூறுமிடத்து, இடைநிலைப் பரீட்சை நம்பகம் ஒன்றையே நாடினால் கிளியைத் தெரிந்தெடுக்கும். ஆசிரியரின் தனி விருப்பத்தையே நம்பினால் நீதி தவறும். இரண்டையும் ஒருங்கே காப்பது, திறன்களைப் பிரித்தளந்து, நோக்கங்களை முன்னரே வரையறுத்து, ஒருவருக்கு மேற்பட்டோர் மதிப்பிடும் முறையே. கேம்பிறிட்ஜ் அந்நெறியில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக முயன்று பெருந்தொலைவு வந்துள்ளது. எனினும் இறுதியில் எல்லாவற்றையும் ஓரெண்ணாகச் சுருக்கும் பழக்கத்தை அது விடவில்லை. நிலத்தின் விளைவை அறிய விரும்பும் உழவன் ஒரு போகத்தைக் கண்டு நிலத்தைத் தள்ளிவிடுவதில்லை. எந்தப் பக்கம் நீர் பாய்ந்தது, எந்தப் பக்கம் வரண்டது என்று வரம்பில் நின்று பார்க்கிறான். இடைநிலை மாணாக்கனின் விடைத்தாளை நோக்கும் கண்ணுக்கும் அப்பார்வையே வேண்டும்.